நிலவறையில் ஒரு டைம்டேபிள்

மாதிரி ரயிலை வட்டமாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் பத்தாவது சுற்றில் கொட்டாவி வந்துவிடும். அந்தக் கொட்டாவிக்கு அமெரிக்கர்கள் கண்டுபிடித்த மருந்துதான் ‘ஆபரேட்டிங் செஷன்’. யாராவது ஒருவர் வீட்டு நிலவறையில் நண்பர்கள் கூடி, டிரைவர், கண்டக்டர், யார்டு மாஸ்டர் என்று பதவிகளைப் பிரித்துக்கொண்டு, சில மணி நேரம் ஒரு ரயில்வேயை நடத்துவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டு. உள்ளே போனால் பாதிக்கு மேல் குமாஸ்தா வேலை.

1934இல் மில்வாக்கி நகரில் ஏ.சி. கால்ம்பாக் ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே மாதிரி ரயில்காரர்களுக்கு ஒரு தேசிய சங்கமும் வந்தது. எஞ்சினை எப்படிச் செய்வது, தண்டவாளத்தை எப்படிப் பதிப்பது என்பதே அன்றைய பேச்சு. செய்து முடித்தபின் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வியை உரக்கக் கேட்டவர்களில் முதன்மையானவர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த பிராங்க் எல்லிசன். ‘டெல்டா லைன்ஸ்’ என்பது அவருடைய ரயில்வே. 1944இல் அவர் அதே இதழில் எழுதிய தொடரில், மாதிரி ரயில்வே ஒரு நாடகம் என்றார்: நிலப்பரப்பு மேடை, வண்டிகள் நடிகர்கள், டைம்டேபிள்தான் கதை. ஒரு சரக்குப் பெட்டி எங்கிருந்து, எதற்காக, எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் அது நகர்வதற்கு அர்த்தம் உண்டு என்பது அவர் கட்சி.

டைம்டேபிள் என்றதும் கணக்கு உதைத்தது. எச்ஓ அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கில், ஒரு மைல் என்பது சுமார் 60 அடி. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே அவ்வளவு இடம் எந்த நிலவறையில் கிடைக்கும்? புறப்பட்ட வண்டி அரை நிமிடத்தில் அடுத்த ஊரில் நிற்கும். அதனால் கடிகாரத்தையே முடுக்கிவிட்டார்கள். ஆறுக்கு ஒன்று என்று ஓடும் கடிகாரத்தில் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகிவிடும். ஆனால் ஷண்டிங் இதற்கு மசியவில்லை. பெட்டியைக் கழற்றி, சைடிங்கில் தள்ளி, திரும்பி வந்து சேர்க்க ஐந்து நிமிடம் பிடித்தால், முடுக்கிய கடிகாரத்தில் அரை மணி காலி. இந்தச் சிக்கல் இன்றுவரை முழுசாகத் தீரவில்லை.

இதையெல்லாம் ஒரு கலையாகச் செய்தவர் கலிபோர்னியாவின் மான்டரேயில் வாழ்ந்த ஜான் ஆலன். தொழில் புகைப்படம். மலையும் பள்ளத்தாக்கும் பாலமுமாக அவர் கட்டிய ரயில்வேயில் ‘எம்மா’ என்ற ஸ்டெகோசாரஸ் டைனோசர் பெட்டி இழுத்தது. குறும்புக்குக் குறைவில்லை, ஆனால் செஷன் என்று வந்துவிட்டால் கடிகாரம் கடிகாரம்தான். குறைந்த நேரத்தில் பெட்டிகளை அவற்றுக்குரிய சைடிங்குகளில் சேர்க்கும் ‘டைம்சேவர்’ என்ற ஷண்டிங் புதிரும் அவர் உருவாக்கியதே. 1973 ஜனவரியில் ஆலன் காலமானார். பத்தே நாளில் தீப்பிடித்து அந்த ரயில்வேயும் போனது.

ஆனால் செஷன் ஊரெங்கும் பரவக் காரணம் மலைகளும் பாலங்களும் அல்ல, ஒரு துண்டு அட்டை. 1961இல் டக் ஸ்மித் ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழில் விளக்கிய முறை இது: ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை. அதன் கீழ்ப்பகுதியை மடித்து ஒட்டினால் சட்டைப் பை மாதிரி ஓர் உறை. அதில் செருகும் சீட்டில் சரக்கின் பெயர், அனுப்புபவர், போய்ச் சேர வேண்டிய இடம். வண்டியோடு நடக்கும் கண்டக்டர் கையில் அட்டைக் கட்டு இருக்கும். ஊர் வந்ததும் கட்டைப் புரட்டி, இங்கே விட வேண்டியவை எவை என்று பிரிப்பார். மேசை விளிம்பில் அறைந்த சின்னப் பெட்டியைப் பார்த்து, எடுத்துப் போக வேண்டியவற்றைச் சேர்த்துக்கொள்வார். செஷன் முடிந்ததும் வீட்டுக்காரர் சீட்டுகளைத் திருப்பிச் செருகினால் அடுத்த முறைக்கு வேலை தயார். நிலக்கரிப் பெட்டிக்கும் ஒரு ஜாதகம் வந்துவிட்டது.

ஓஹையோ மாநிலம் டேட்டனில் ஆலன் மெக்லெலண்ட் இன்னொரு படி போனார். அப்பலாச்சிய மலைகளில் ஓடுவதாகக் கற்பனை செய்து 1958இல் தொடங்கிய அவருடைய ‘வர்ஜீனியன் அண்ட் ஓஹையோ’, சுவரோடு முடியவில்லை. கண்ணில் படாத மறைவான தடங்களில் வண்டிகள் காத்து நிற்கும், அவைதான் வெளியுலகம். அங்கிருந்து வரும் வண்டி எங்கோ தொலைதூர நகரத்திலிருந்து வருகிறது. சிறிய யோசனைதான், ஆனால் நிலவறை ரயில்வேக்கு அக்கம்பக்கத்தைக் கொடுத்தது.

மிகவும் பிடிவாதமான பிரிவினர், வண்டிகளை எழுத்து உத்தரவுகளால் நடத்தும் டிரெயின் ஆர்டர் முறைக்குப் போனார்கள். இதன் வேர் 1851இல் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் ஈரி ரயில்வேயின் கண்காணிப்பாளர் சார்லஸ் மினாட், எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடக்க மனமில்லாமல், அதை அடுத்த ஸ்டேஷனில் நிறுத்திவைக்கத் தந்தி கொடுத்துவிட்டுத் தன் வண்டியைக் கிளப்பச் சொன்னார். டிரைவர் மறுத்தார். மினாட் தானே எஞ்சினை ஓட்ட, டிரைவர் கடைசிப் பெட்டியின் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாராம். அந்த நம்பிக்கையின்மையிலிருந்துதான் கறாரான விதிகள் வளர்ந்தன. நம் ஊரில் கண்ட்ரோலர் செய்யும் வேலையை அங்கே டிஸ்பாச்சர் செய்வார். அவர் உத்தரவைச் சொல்ல, ஸ்டேஷன் ஆபரேட்டர் எழுதி, வரிக்கு வரி திருப்பிச் சொல்ல வேண்டும். 19ஆம் எண் படிவத்தை ஓடும் வண்டிக்கே கழியில் மாட்டி நீட்டலாம். 31ஆம் எண் என்றால் வண்டி நின்று, கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

1980களில் அமெரிக்க ரயில்வேக்கள் இதைக் கைவிட்டு ரேடியோவில் அனுமதி கொடுக்கும் முறைக்கு மாறின. நிலவறைகளிலோ டிஸ்பாச்சரைத் தனி அறையில் உட்காரவைத்து, ஒரு வண்டியும் கண்ணில் படாமல், டெலிபோன் ஒன்றை மட்டும் கொடுத்து அதே முறையைத் தொடர்ந்தார்கள். 1990களில் டிஜிட்டல் கட்டுப்பாடு வந்தது. தண்டவாளத்தின் எந்தத் துண்டுக்கு மின்சாரம் என்று ஸ்விட்ச் போடும் தொல்லை ஒழிந்து, கையிலுள்ள கருவியால் தன் எஞ்சினை மட்டும் ஓட்டியபடி டிரைவர் கூடவே நடக்கலாம் என்றானது. வண்டி ஓட்டுவது எளிதாயிற்று, எழுதுவது அப்படியே நின்றது. ஒரு டிரெயின் ஆர்டரை எழுதித் திருப்பிச் சொல்வதற்குள் முடுக்கிய கடிகாரம் கால் மணியை விழுங்கிவிடுகிறது என்று சலித்து, பலர் ஆறை மூன்றாகவும் மூன்றை இரண்டாகவும் குறைத்தார்கள். சிலர் சுவரில் சாதாரணக் கடிகாரத்தையே மாட்டிவிட்டார்கள்.