ஐந்து நொடிக்கு என்ன அவசரம்?

2008 செப்டம்பர், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம். லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் இன்டெல் பொறியாளர்கள் அர்யான் வான் டி வெனும் அவுக்கே கோக்கும் ஆசஸ் ஈ பிசி என்ற குட்டி லேப்டாப்பைக் கையில் தூக்கிக் காட்டினார்கள். ப்ரொஜெக்டரில் படம் வருவதற்குள் அது பூட் ஆகி முடிந்துவிடும் என்பதால் அப்படி. ஐந்தே நொடி!

அன்றைக்கு ஃபெடோராவை அப்படியே நிறுவினால் லாகின் திரை வரவே 45 நொடி ஆகும். மீதி நேரமெல்லாம் எங்கே போச்சு? பழைய யூனிக்ஸ் வழக்கப்படி ஸ்கிரிப்டுகள் எண் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. சென்ட்மெயில் என்ற அஞ்சல் சர்வர் மட்டும் இரண்டு நொடி தின்றது. வீட்டு லேப்டாப்பில் அஞ்சல் சர்வர் எதுக்கு? எங்கோ ஒருத்தருக்குத் தேவைப்படும் என்பதற்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.

இருவரும் அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று நொடிகளைப் பொறுக்கவில்லை. வீட்டு பட்ஜெட் மாதிரி முதலிலேயே பங்கு பிரித்தார்கள். கெர்னலுக்கு ஒன்று, ஆரம்ப வேலைகளுக்கு ஒன்று, எக்ஸ் சர்வருக்கு ஒன்று, டெஸ்க்டாப்புக்கு இரண்டு. கூடவே ஒரு நேர்மையான விதி: சிபியூவும் டிஸ்க்கும் ஓய்ந்தால்தான் பூட் முடிந்தது என்று கணக்கு. படத்தைக் காட்டிவிட்டுப் பின்னால் உருட்டிக்கொண்டிருந்தால் செல்லாது.

2010இல் லென்னார்ட் பாட்டரிங் சிஸ்டம்டியை அறிமுகப்படுத்தினார். சர்வீஸ்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் சேர்ந்தே கிளம்பலாம் என்பது அதன் அடிப்படை. 2011இல் ஃபெடோரா 15 அதற்கு மாறியது. 2014இல் டெபியனும் அதைத் தேர்ந்தெடுக்க, எதிர்த்தவர்கள் பிரிந்துபோய் தேவுவான் தொடங்கினார்கள். இத்தனைக்கும் வேகம் ஒரு பக்கவிளைவுதான் என்று பாட்டரிங்கே 2013இல் எழுதினார்.

அப்போ டெஸ்க்டாப்காரருக்கு இதில் என்ன லாபம்? மூடித் திறந்தால் விழித்துக்கொள்ளும் லேப்டாப்பை யார் தினமும் பூட் செய்கிறார்கள்? எஸ்எஸ்டி வந்தபின் வித்தியாசம் இன்னும் சுருங்கிவிட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் சஸ்பெண்ட் ஒழுங்காக வேலை செய்யாத லேப்டாப், ஹார்ட் டிஸ்க் போட்ட பழைய கணினி, விண்டோஸையும் லினக்ஸையும் மாற்றி மாற்றித் திறக்கிறவர் என்று எடுத்துக்கொண்டால், அந்த நொடிகள் இன்றும் நிஜம்தான்.

மற்றவர்களுக்கு மிஞ்சியது நொடி அல்ல, ஒரு கேள்வி: இது யாருக்காக ஓடுகிறது? உங்கள் லினக்ஸில் சிஸ்டம்டி இருந்தால் 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த சர்வீஸ் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பட்டியல் வரும். அதில் உங்களுக்கான சென்ட்மெயில் எது என்று தேடுங்கள்.