பேர்கன் நகரத்துப் பதிவேடு

நோயாளியைப் பற்றிய குறிப்பு அவரைப் பார்த்த வைத்தியருக்கு மட்டும் உரியதா, நாட்டுக்கும் உரியதா? கணினிக்கு வெகுகாலம் முன்பே எழுந்த வினா இது.

19ஆம் நூற்றாண்டில் நோர்வேயின் மேற்குக் கரையோரத்தில் தொழுநோய் பரவியிருந்தது. மாவட்ட வைத்தியர்கள் நோயாளர் விபரங்களை அறிவிக்க, 1856இல் தேசிய தொழுநோய்ப் பதிவேடு உருவாயிற்று. ஒரு நோய்க்கென நாடு முழுவதற்கும் வகுக்கப்பட்ட முதற் பதிவேடாக இது கருதப்படுகிறது.

அக்கால அறிஞர் பலர் தொழுநோயைப் பரம்பரை நோயென நம்பினர். பேர்கன் வைத்தியர் ஆர்மவர் ஹான்சன் 1873இல் அதன் கிருமியைக் கண்டார். பதிவேடும் அவருக்குத் துணைநின்றது. நோயாளர் கூடுதலாகத் தனிமைப்படுத்தப்பட்ட பகுதிகளில் நோய் விரைவாகக் குறைந்ததை அதன் எண்ணிக்கைகள் காட்டின.

ஆயினும் அதே ஹான்சன் 1879இல் ஒரு பெண் நோயாளியின் சம்மதமின்றி அவரது கண்ணில் நோய்ப்பொருளைச் செலுத்தினார். 1880இல் நீதிமன்றம் அவரை வைத்தியசாலைப் பதவியிலிருந்து நீக்கியது. 1885ஆம் ஆண்டுச் சட்டமோ நோயாளரைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்த இடமளித்தது. பெயர் பதியப்பட்டோருக்கு விளைந்தது நன்மை மட்டுமன்று.

1951இல் நோர்வே புற்றுநோய்ப் பதிவகத்தை நிறுவியது. இன்று ஆய்வுகூட அறிக்கைகள் இலத்திரனியல் வழியாக அங்கு சேர்கின்றன. நோயாளியின் சம்மதம் கேட்கப்படுவதில்லை. சட்டம் அதற்கு இடமளிக்கிறது. விடுபடுவோர் பெருகினால் கணக்குப் பிழையாகும் என்பதே நியாயம்.

அந்நியாயம் வலிதே. ஆனால் கேளாமல் எடுப்பவருக்குக் காக்கும் கடமை இரட்டிப்பாகும். பதிவேடும் தீர்ப்பும் ஒரே நகரின் வரலாறு. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுதல் தகாது.