லாட ஆணியும் மோட்டார் வண்டியும்

விக்ரோலி இரயில் நிலையத்திற்கு மேற்கே வடக்குத் தெற்காகச் செல்லும் லால் பகதூர் சாஸ்திரி சாலைக்கு முன்னாளில் ஆக்ரா சாலை என்பது பெயர். சயானில் தொடங்கி, குர்லா, காட்கோபர், விக்ரோலி, தாணே வழியாக நாசிக்கையும் அதற்கப்பால் ஆக்ராவையும் நோக்கிச் சென்ற பெருவழி அது. இன்று அதன் நெரிசலில் சிக்கி நிற்கும் நம்மவர், மோட்டார் வண்டி இந்நாட்டில் வந்திறங்கிய நாளில் அதற்கென ஒரு சாலையும் இருந்ததில்லை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இருந்தவையெல்லாம் மாட்டு வண்டிக்காகப் போட்ட கப்பிச் சாலைகளே.

பம்பாய்த் தெருக்களில் 1898-இல் மோட்டார் வண்டிகள் ஓடத் தொடங்கின. அவற்றுள் ஒன்று ஜாம்ஷெட்ஜி டாட்டாவுடையது என்பர். சென்னையில் 1903-இல் சிம்ப்சன் நிறுவனத்தார் நீராவியால் ஓடும் வண்டியொன்றை உள்ளூரிலேயே கட்டினர். முதல் வண்டி யாருடையது என்னும் ஆராய்ச்சியில் நம் வரலாற்றாசிரியர்களுக்குப் பெருவிருப்பம் உண்டு. அதை ஓட்டியவர் பட்ட பாடு என்ன என்று கேட்டவர் சிலரே.

பாடு காலையிலேயே தொடங்கிவிடும். வண்டியின் முகப்பில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால்தான் எஞ்சின் உயிர்பெறும். தீப்பொறி உரிய கணத்திற்கு முந்திப் பற்றிவிட்டால் கைப்பிடி எதிர்த்திசையில் திருப்பி உதைக்கும், மணிக்கட்டு முறியும். ஆதலால் கட்டைவிரலைப் பிடியைச் சுற்றி மடக்காது, மற்ற விரல்களோடு ஒருபுறமாகவே வைத்துக்கொள்ளும்படி புதியவர்க்குக் கற்பித்தனர். விளக்கோ கார்பைடு விளக்கு. கல்லின்மேல் நீர் சொட்டச் சொட்ட எழும் வாயுவைக் கொளுத்த வேண்டும். பெட்ரோல் தகரங்களில் விற்றது. 1908 முதல் 1927 வரை உருவாகி உலகெங்கும் பரவிய ஃபோர்டு 'டி' வண்டியில் பெட்ரோல் தொட்டி முன்னிருக்கையின் அடியில் இருந்தது, பம்பு கிடையாது. செங்குத்தான மேட்டில் முகப்பு உயர்ந்தால் பெட்ரோல் எஞ்சினுக்கு இறங்காது. அனுபவமுள்ள ஓட்டுநர் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேட்டில் ஏற்றிவிடுவார். காண்போர் நகைத்திருப்பர், ஆனால் அதுவே அறிவுடைய செயல்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பகை சாலையில் கிடந்தது. பிளவுபட்ட குளம்பாதலின் மாட்டின் காலொன்றுக்கு இரண்டு லாடத் துண்டுகள் வேண்டும். ஒரு சோடி மாட்டுக்குப் பதினாறு. ஒவ்வொன்றிலும் அடித்த ஆணிகள் தேய்ந்து கழன்று வழியெங்கும் உதிர்ந்தன. மாட்டுக்கு அது பொருட்டன்று, டயருக்கு நஞ்சு. வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை கப்பியை அரைத்துத் தூளாக்கும். விரைந்தோடும் டயர் அத்தூளை உறிஞ்சிப் பறக்கவிடும். இவ்வாறு பழைய வண்டியும் புதிய வண்டியும் கூடியே சாலையைக் கெடுத்தன. புழுதியை உண்டவரோ கால்நடையாகச் சென்ற ஏழையர்.

பஞ்சரானால் செல்வர் மரநிழலில் அமர்ந்து காத்திருக்கலாம். கால அட்டவணை போட்டுப் பேருந்து விட்டவர் காத்திருக்க இயலுமா? சாலையைச் சீர்செய்யும் கவலை தமிழகத்தில் கார் வைத்திருந்தவரைவிடப் பேருந்து விட்டவரையே வாட்டியது என்று கருதுவதற்கு இதுவே காரணம். திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், 1912 வாக்கில் பேருந்துத் தொழிலில் இறங்கினார். மதுரையும் புதுக்கோட்டையும் தஞ்சையும் அவர்தம் தடங்களாயின. லாட ஆணிகளைப் பொறுக்குவதற்கென்றே காந்தம் பொருத்திய வண்டியொன்றைச் சாலையில் ஓடவிட்டார் என்று சொல்லப்படுகிறது. அரசின் சாலையைத் தம் செலவில் பெருக்கிய வணிகர் அவர்! டி.வி.எஸ். பேருந்தைக் கண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்னும் பேச்சு மதுரைச் சீமையில் நெடுநாள் வழங்கியது. அந்த நேரந்தவறாமைக்கு ஆணி பொறுக்கிய காந்தமும் ஒரு காரணம்.

கொங்கு நாட்டில் ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினார். பின்னர் பெருகிய அவர்தம் நிறுவனத்தைக் கோவையார் நன்கறிவர். பட்டறையும் தொழிற்பயிற்சியும் பேருந்தின் பின்னாலேயே வளர்ந்தன என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

அரசு விழித்துக்கொண்டது பிறகுதான். பம்பாயின் புகழ்பெற்ற வழக்கறிஞர் எம்.ஆர். ஜயகர் தலைமையில் 1927-இல் சாலைக்குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி, காலன் பெட்ரோலுக்கு 2 அணா கூடுதல் வரி விதித்து, 1929-இல் மத்திய சாலை நிதி ஏற்படுத்தப்பட்டது. இதற்கிடையே 1928-இல் நம் நகரின் சிவ்ரியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வண்டிகளைப் பூட்டியிணைக்கத் தொடங்கிவிட்டது. நல்ல சாலை வருமுன்னரே வண்டிகளின் வரவு பெருகிற்று.

சாலை ஓரளவு தேறிய காலத்தில் இரண்டாம் உலகப்போர் வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலன்களைச் செய்து தந்தது. பேருந்தோடு இணைத்த இரும்பு உருளையில் மரக்கரியை மூட்டி, விசிறியால் ஊதி, காற்று குறைந்த நிலையில் எரிந்து எழும் வாயுவை எஞ்சினுக்குச் செலுத்தினர். விடியுமுன் எழுந்து கரியோடு போராடியவர் கிளீனர். பெட்ரோலின் வலு அந்த வாயுவுக்கு இல்லை. மேட்டில் வண்டி திணறிய போது பயணிகள் இறங்கித் தள்ளியதும் உண்டு.