பண்டாரவன்னியன்

பண்டாரவன்னியன், இலங்கையின் வன்னிப் பெருநிலத்தில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த குறுநிலத் தலைவர். கடைசி வன்னி மன்னர் எனப் போற்றப்படுபவர். வன்னியர் எனப்பட்ட குறுநிலத் தலைவர்களின் ஆட்சிப்பகுதியான வன்னிமை, பனங்காமம், முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை முதலிய பற்றுகள் எனும் நிர்வாகப் பிரிவுகளைக் கொண்டது.

ஒல்லாந்தருக்குத் திறை செலுத்துவதே வன்னியர்களின் நெடுநாள் பிணக்கு. 1795-96இல் ஒல்லாந்தர் வசமிருந்த கரையோரம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது, பிணக்கு மாறவில்லை. கண்டி அரசுக்கும் ஆங்கிலேயருக்கும் 1803இல் மூண்ட போரில் பண்டாரவன்னியன் கண்டியோடு அணிசேர்ந்தார். வலிய இரு அரசுகளுக்கு நடுவிலிருந்த சிறுதலைவருக்கு இவ்வுறவே முதன்மை அரசியல் பலம்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 25 அன்று அவரது படை முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியது. கோட்டைத் தளபதி வொன் டிறிபேர்க் படகேறி யாழ்ப்பாணம் சென்றார். பின்னர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று முனைகளிலிருந்தும் ஆங்கிலப் படைகள் வன்னிக்குள் புகுந்தன. அக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் அதே டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார். அவ்விடத்தில் ஆங்கிலேயர் நாட்டிய கல் தோல்வியைக் குறித்ததேயன்றி இறப்பைக் குறிக்கவில்லை. அவர் அன்றே மாண்டார் என்பது மக்கள் வழக்கு; அதன் பின்னும் வாழ்ந்தார் என்போரும் உளர். வவுனியா நகரில் அவருக்குச் சிலை உண்டு.