சாங்லிமிதாங் விளையாட்டரங்கம்

பூட்டானின் தலைநகர் திம்புவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில், ஆற்றங்கரையில் அமைந்த தேசிய விளையாட்டரங்கம். இது கால்பந்துக்கென்று எழுந்ததல்ல. உக்யென் வாங்சுக் 1885இல் தம் எதிரிகளை முறியடித்த களம் இது. அந்த வெற்றியின் வழியாகத்தான் 1907இல் அவர் நாட்டின் முதல் மன்னரானார். அதே இடத்தில் 1974இல், நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக்கின் முடிசூட்டு விழாவுக்காக அரங்கம் கட்டப்பட்டது. 2008இல் ஐந்தாம் மன்னர் முடிசூடியபோதும் மக்கள் இங்கேதான் திரண்டார்கள். ஒட்டியே வில்வித்தைத் திடல். சுமார் 145 மீட்டர் தள்ளி நட்ட சிறு மரப்பலகையில் அம்பு தைத்ததும் வில்லாளியின் அணியினர் பாடி ஆடுவார்கள். தேசிய விளையாட்டு அதுதான். அப்படியிருக்க இதைப் பூட்டான் கால்பந்தின் தாயகம் என்பது மிகை அல்லவா? அல்ல. பத்து லட்சம் பேர்கூட இல்லாத மலைநாட்டால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனிப் பேரரங்கம் கட்ட முடியாது. அரசு விழாவுக்கென எழுந்த இடத்தில் கால்பந்து தன் உரிமையை ஆடித்தான் நிலைநாட்டியது.

அதற்கு முதல் சான்று 2002 ஜூன் 30. யோகோஹாமாவில் பிரேசிலும் ஜெர்மனியும் உலகக்கோப்பை இறுதிப்போட்டியில் மோதிய அன்று, உலகத் தரவரிசையின் கடைசி இரு அணிகளான பூட்டானும் மொன்செராட்டும் இங்கே ஆடின. டச்சு இயக்குநர் யோஹான் கிராமரின் ஆவணப்படத்துக்காக நடந்த வெறும் காட்சி என்று அதை ஒதுக்குபவர்கள் உண்டு. யோசனை படக்குழுவினுடையதுதான், ஆனால் ஆட்டம் நடுவரின் விசிலுக்கு நடந்த முறையான பன்னாட்டு ஆட்டம். இரண்டே ஆண்டுக்கு முன் குவைத்திடம் 20-0 எனத் தோற்ற பூட்டான் அணி, வாங்யெல் டோர்ஜியின் மூன்று கோல்களோடு 4-0 என வென்றது. அந்த அணிக்கு அது எவ்வளவு பெரிய மீட்சி என்பதை எந்தக் கேமராவும் இட்டுக்கட்டியிருக்க முடியாது.

மெல்லிய மலைக்காற்றே பூட்டானை ஜெயிக்க வைக்கிறது என்ற வாதம் இன்னும் வலுவானது. பழக்கமில்லாதவர்களுக்கு இந்த உயரத்தில் சீக்கிரம் மூச்சு வாங்கும். அதை மறுக்க முடியாது. 2015 மார்ச் 17 அன்று, உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில், செஞ்சோ கெல்ட்ஷெனின் இரு கோல்களால் இலங்கை இங்கே 2-1 எனத் தோற்றபோதும் அந்தப் பேச்சு எழுந்தது. ஆனால் ஐந்து நாள் முன்பு கடலோரக் கொழும்பிலேயே பூட்டான் 1-0 என வென்றிருந்தது. அதே ஆண்டு இதே திடலுக்கு வந்த சீனா 6-0 என்றும் ஹாங்காங் 1-0 என்றும் வென்று திரும்பின. உயரம் எல்லா விருந்தாளிகளுக்கும் ஒன்றுதான். முடிவை மாற்றியது ஆட்டத்தின் தரம்.