கரிசலில் சூல் உணவு: கிருஷ்ணன்கோவில் வட்டாரத்தின் வரலாறு

மதுரையிலிருந்து செங்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வத்திராயிருப்புச் சாலை பிரியும் இடத்தில் அமைந்த கிருஷ்ணன்கோவில், இருவகை வேளாண்மை எதிர்கொள்ளும் ஊராகும். மேற்கே மலையடிவாரத்தில் கண்மாய்ப் பாசனத்து நெல்லும் தென்னையும் விளைய, கிழக்கே வானம் பார்த்த கரிசலில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்தன. ஆகவே இவ்வட்டாரத்துச் சூலுற்ற பெண்கள் என்ன உண்டார்கள் என்பதை, வைத்தியரின் அறிவுரையைவிடக் குலுக்கையில் எந்தத் தானியம் இருந்தது என்பதே பெரிதும் தீர்மானித்தது.

மசக்கைக் காலத்து வேட்கையைத் தமிழ் மரபு பழித்ததில்லை. சேர மன்னனின் மண்ணைச் சூலுற்ற மகளிர் விரும்பி உண்பரேயன்றிப் பகைவர் கொள்ள மாட்டார் என்னும் பொருளைப் புறநானூற்றின் 20ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார் அமைத்ததிலிருந்து, இவ்வழக்கம் மிகப் பழையது எனத் தெரிகிறது. மண், சாம்பல் போன்ற உணவல்லாத பொருள்களை நாடும் இவ்வேட்கை, உடலில் இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவதாக இன்றைய மருத்துவம் கூறுகிறது.

ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பெண்ணின் தாய்வீட்டார் புளியோதரை, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப்பொங்கல் எனப் பலவகைச் சோறு கொண்டுவந்து, வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்திற்காக மகளை அழைத்துச் செல்வது கட்டுச்சோற்று வழக்கமாகும். இதன் பெரும்பயன் அந்த ஒருநாள் விருந்தைவிட, அதன்பின் வந்த மாதங்களில் இருந்தது. புகுந்த வீட்டில் தண்ணீர் சுமந்து, தானியம் குத்தி, எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்டவள், தாய்வீட்டில் பசித்தபோது உண்ணவும் அயர்ந்தபோது படுக்கவும் முடிந்தது.

எனினும் மரபின் மறுபக்கத்தில் விலக்குகளும் இருந்தன. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் தவிர்க்கும் உணவுகளை ஆராய்ந்து கேப்ரியல்லா ஐச்சிங்கர் ஃபெரோ-லூசி 1973இல் வெளியிட்ட ஆய்வில் பப்பாளி முதலான பல பொருள்கள் இடம்பெறுகின்றன. பப்பாளிக்காயின் பாலைப் பற்றிய அச்சத்திற்கு ஓரளவு அடிப்படை உண்டு. ஆனால், வயிறு நிறைய உண்டால் பிள்ளை பெருத்துப் பேறு கடினமாகும் என்று எண்ணி உணவைக் குறைத்தது, ஏற்கெனவே மெலிந்த பெண்களை மேலும் வாட்டியது.

இத்தகைய உணவுக் குறைபாட்டின் விளைவுக்கு மருத்துவ விளக்கம் பஞ்சாலைப் பெண்களிடமிருந்து பிறந்தது. 1928இல் பம்பாய்க்கு வந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளிடம் கண்ட ஒருவகைச் சோகை, அதாவது இரத்தக்குறைவு, உணவால் நேர்வது என்பதைக் கண்டறிந்து, அது ஈஸ்ட் சாற்றால் குணமாவதை 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் செயல்பட்ட ஃபோலிக் அமிலம் 1941இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1936இல் ராஜபாளையம் மில் தோன்றியபின் பஞ்சாலை நகராகிய, இவ்வட்டாரத்தை அடுத்த ராஜபாளையத்தின் பெண்களுக்கும், 1970இல் நாடெங்கும் தொடங்கிய சோகைத் தடுப்புத் திட்டத்தின் மூலம் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையாக அந்த ஆய்வின் பயன் வந்து சேர்ந்தது.

மாத்திரை வந்த காலத்திலேயே தட்டில் இருந்த தானியமும் மாறிக்கொண்டிருந்தது. 100 கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்க, ஆலையில் தீட்டிய வெள்ளையரிசியில் 1 மில்லிகிராமும் இல்லை. கம்மங்கூழ் இருந்த இடத்திற்குத் தேநீர் வந்தபோது, அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுத்தன. இரும்புச்சத்துக் குறைவு, நிறைமாதத்தில் இரவுதோறும் காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் கால் குடைச்சலோடு தொடர்புடையது. கர்ப்பகாலத்தில் காஃபின் உடலை விட்டு நீங்க நெடுநேரமாகும் என்பதால் மாலைத் தேநீரும் உறக்கத்தைக் கெடுக்கும். வயிறு முட்ட உண்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் எழுப்பிவிடும். உறக்கம் கெட்டவளுக்கு மறுநாள் எரிச்சலும் கவலையும் கூடி, உண்ணும் விருப்பமும் குறைகிறது.

1980இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், அன்று இவ்வூர் அடங்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டத்தையும் தழுவியது. ஊர்ப் பெண்களையே பணியாளராக்கி, மாதந்தோறும் குழந்தைகளை எடைபோட்டு, தேவைப்பட்டோருக்குச் சத்துருண்டை வழங்கியது. பின்னர் அங்கன்வாடிகள் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு வழங்கின; டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய் என உயர்ந்தது. எடையையும் இரத்தத்தையும் அளந்துவந்த அரசு, கர்ப்பிணிகளுக்குத் தானே நடத்தும் சமுதாய வளைகாப்பின் மூலம் பலவகைச் சோற்றையும் வளையலையும் தன் திட்டத்திற்குள் சேர்த்துக்கொண்டது.

ஆயினும் மரபு தந்த இன்னொன்றாகிய ஓய்வைத் திட்டங்களால் எளிதில் தர இயலவில்லை. இரவில் 8 மணி நேர உறக்கமும் பகலில் 2 மணி நேர ஓய்வும் வேண்டும் என்று கர்ப்பிணிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது. வீட்டுவேலையை வேறொருவர் ஏற்காதவரை, ஆலையிலும் வயலிலும் உழைத்துத் திரும்பும் பெண்ணுக்கு அது எட்டாத அறிவுரையாகவே இருக்கும். மாத்திரையைத் தேநீரோடு சேர்க்காமல் விழுங்குவதும், இரவுணவைச் சிறிதாக்கி முன்னதாகவே உண்பதும் அவள் கையில் இருக்கலாம். அவள் ஓய்வெடுக்கும் நேரத்தில் அடுப்பைப் பார்த்துக்கொள்வது வீட்டிலுள்ள மற்றவரின் கடமையாகும்.