அறைக்கு ஒரு வெளிச்சம்: க்ராக்சைட் மாளிகையின் கதை

புது வீடு கட்டுபவர்கள் வயரிங் நேரத்தில் மண்டையைக் குடைந்துகொள்ளும் கேள்விகள் சில உண்டு. ஹாலில் எத்தனை விளக்கு? சீலிங்கில் போடுவதா, சுவரில் போடுவதா? மாடிப்படியில் கண் கூசாமல் எதைப் போடலாம்? இதே கேள்விகளை 1880-ம் ஆண்டிலேயே ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவர் பெயர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங்.

ஆம்ஸ்ட்ராங் (பிறப்பு 1810) இங்கிலாந்தின் பெரிய பொறியாளர், தொழிலதிபர். தண்ணீரின் அழுத்தத்தால் இயங்கும் கிரேனும் பீரங்கியும் செய்து பெரும் பணம் சேர்த்தவர். நார்தம்பர்லாந்து மலைப்பகுதியில் ராத்பரி என்ற ஊருக்குப் பக்கத்தில் அவர் கட்டிய மாளிகைதான் க்ராக்சைட்.

அந்தக் காலத்தில் பணக்கார வீடுகளில் எரிந்தது கேஸ் விளக்கு, இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் விளக்கு. இரண்டுமே சூடு, புகை. கூரையும் படங்களும் கரி பிடித்துப்போகும். படங்கள் சேர்ப்பதில் ஆர்வம் கொண்ட ஆம்ஸ்ட்ராங்குக்கு இது சாதாரணப் பிரச்னை இல்லை. அதனால் 1878-ல் தன் படக்கூடத்தில் ஓர் ஆர்க் விளக்கை மாட்டினார். தன் நிலத்தில் ஓடிய தண்ணீரை வைத்தே அதற்கு மின்சாரம் தயாரித்தார்.

ஆனால் ஆர்க் விளக்கு வீட்டுக்கு ஒத்துவரவில்லை. ஏன்? இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எரிவது அது. உஸ்ஸென்று சத்தம் போடும், குச்சி தேய்ந்துகொண்டே வரும். வெளிச்சமோ தெருவுக்கும் தொழிற்சாலைக்கும் போதுமான அளவு! அதைப் பிரித்து அறைக்குக் கொஞ்சமாகக் கொடுக்க வழியில்லை. வெளிச்சத்தைப் பங்கு போடுவதுதான் அன்றைய விஞ்ஞானிகளுக்குப் பெரிய தலைவலி.

தீர்வு பக்கத்து ஊரிலிருந்தே வந்தது. நியூகாசிலில் இருந்த ஜோசப் ஸ்வான், காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் கரி இழையை எரியவைத்துக் காட்டினார். 1880-ல் அவருடைய பல்புகள் க்ராக்சைட்டுக்கு வந்தன.

இங்கேதான் ஆம்ஸ்ட்ராங்கின் கெட்டிக்காரத்தனம். எல்லா அறைக்கும் ஒரே மாதிரி விளக்கை அவர் மாட்டவில்லை. நூலகத்துக்கு 8 பல்புகள். அதில் 4 பல்புகளைப் பால்நிறக் கண்ணாடி உருண்டைக்குள் சேர்த்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். மற்ற நான்கும் செம்பு ஜாடிகளின் மேல், அறையில் ஆங்காங்கே. ஜாடியின் அடியில் பாதரசக் கிண்ணம். ஜாடியைத் தூக்கினால் விளக்கு அணையும், வைத்தால் எரியும். ஜாடியே ஸ்விட்ச்! (இன்றைய பாதுகாப்பு விதிகள் இதை ஒப்புக்கொள்ளாது.) நடைபாதைகளிலும் படிக்கட்டுகளிலும் பெரும்பாலும் மூடியில்லாத பல்புகள். கடந்துபோகும் இடம்தானே, அங்கே யாரும் உட்கார்ந்து படிக்கப்போவதில்லை.

இன்னொரு விஷயம், கணக்கு. மொத்தம் 45 பல்புகள். ஆனால் ஒரே நேரத்தில் எரிந்தது அதிகபட்சம் 37. ஆட்கள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போது மின்சாரத்தையும் கூடவே மாற்றிவிடுவார். காரணம், டர்பைனின் சக்தி வெறும் 6 குதிரைத்திறன். அதுவும் 1,500 கெஜம் தள்ளி இருந்தது. 6 குதிரைத்திறன் என்றால் சுமார் 4,500 வாட். 37-ஆல் வகுத்தால், கம்பியில் வீணாவதையும் சேர்த்துப் பல்புக்கு 120 வாட் வருகிறது. இன்றைய 9 வாட் எல்இடி பல்பு அதைவிட அதிக வெளிச்சம் தருகிறது.

1977-ல் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்த க்ராக்சைட்டை இன்று பொதுமக்கள் பார்க்கலாம். பற்றாக்குறை இருந்ததால் ஆம்ஸ்ட்ராங் அறை அறையாக யோசித்தார். இன்று மின்சாரமும் பல்பும் மலிவு. அதனாலேயே பலர் யோசிப்பதில்லை. எல்லா அறையிலும் ஒரே வெள்ளை வெளிச்சத்தைக் கொட்டிவிட்டு, கண் வலிக்கிறது என்கிறார்கள். படிக்கும் இடம் எது, சாப்பிடும் இடம் எது, சும்மா கடந்துபோகும் இடம் எது என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் கடைக்குப் போவது நல்லது.